பிடித்தவர் பொறுப்பு: காயம்பட்ட பூனைக்கு ஒரு வீடு தேடுவது





பூனை இல்லாத தெரு நம்மிடம் கிடையாது. மீன் கடை, கறிக்கடை, பள்ளிவாசல் ஹவுள் ஓரம், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் என்று எங்கும் அவை இருக்கின்றன. வண்டியில் அடிபடுவதும் நாயிடம் கடிபடுவதும் மாடியிலிருந்து விழுவதும் அவற்றின் வாழ்வில் அடிக்கடி நடப்பவை. அடிபட்ட பூனையைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர்கள் மக்தப் விட்டு வரும் பிள்ளைகள். ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு, "உம்மா, இதுக்குக் கால் ஒடிஞ்சிருச்சு" என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

அப்போது வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். "எடுத்த இடத்திலேயே விட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவோம். அல்லது யாராவது ஒருவர் அதை விலங்குக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, ஒரு நன்மை செய்த நிம்மதியோடு திரும்பிவிடுவார். முதலாவது சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் மீதம் நிற்கும் கடமை என்ன என்பதே இந்தப் பாடம்.

நபிமொழி காட்டும் இரண்டு வழிகள்

பூனையைப் பற்றிய நபிமொழிகளில் நம் பிள்ளைகள் முதலில் படிப்பது ஒரு பெண்ணின் செய்தி. இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்தாள். அதற்கு உணவு தரவில்லை. பூமியில் கிடைக்கும் சிறு பிராணிகளைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்துவிடவும் இல்லை. அது இறந்தது. அதன் காரணமாக அவள் தண்டனைக்கு உள்ளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

இந்தச் செய்தியைக் கவனமாகப் படியுங்கள். அவள் அந்தப் பூனையை அடித்ததாக இதில் இல்லை. பிடித்து வைத்தாள், பிறகு கவனிக்கவில்லை. அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. பிடித்து வைத்ததால் உணவு தர வேண்டும். முடியாவிட்டால் அது தானாகப் பிழைக்கக்கூடிய இடத்தில் விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விட்டதுதான் குற்றம்.

கால் ஒடிந்த பூனைக்கு இரண்டாவது வழி அடைபட்டிருக்கிறது. அதனால் ஓடவோ வேட்டையாடவோ நாயிடமிருந்து தப்பவோ முடியாது. ஆகவே அதைக் கையில் எடுத்தவர், அது மீண்டும் பிழைக்கும் நிலைக்கு வரும்வரை அல்லது கவனிக்க ஓர் ஆள் கிடைக்கும்வரை பொறுப்பாளி ஆகிறார். இதை ஓர் அமானிதம் என்று எண்ணிக்கொண்டால் அடுத்து என்ன செய்வது என்பது தெளிவாகும்.

பொறுப்போடு நற்கூலியும் சொல்லப்பட்டிருக்கிறது. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் தண்ணீர் எடுத்து வந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தி நாம் அறிந்ததே. உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் கூலி உண்டு என்று அங்கே நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அந்த மனிதர் கிணற்றருகில் நின்று பரிதாபப்பட்டதோடு நிறுத்தவில்லை. இறங்கினார், எடுத்தார், ஏறினார், அது குடித்து முடிக்கும்வரை கொடுத்தார். உதவி என்பது அந்த முழு வேலை.

பூனை வீட்டில் இருந்தால் தொழுகைக்கு இடைஞ்சல் என்று தயங்குபவர்களும் உண்டு. அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அதற்கு வாகாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியப்போடு பார்த்த மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் இது வருகிறது. பூனையின் எச்சில் பட்ட தண்ணீர் கெடுவதில்லை. ஆனால் இரத்தம், சிறுநீர், மலம் ஆகியவை நஜீஸ்தான். புண்ணுக்கு மருந்து போடும் வேலைக்குத் தனி உடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டால் தொழுகைக்குச் சிரமம் இருக்காது.

கெய்ரோவின் பூனைத் தோட்டம்

ஆதரவற்ற பூனைகளைப் பராமரிப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. எகிப்தை 1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தை ஆதரவற்ற பூனைகளுக்காக எழுதி வைத்தார். அதன் வருமானத்தில் பூனைகளுக்கு உணவு தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1830களில், எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவில் தங்கி அந்த ஊர் மக்களின் வாழ்க்கையை எழுதினார். அப்போதும் மாலை நேரத்தில் காழியின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவு போடப்பட்டு வந்ததை அவர் குறித்திருக்கிறார்.

அவர் குறித்த இன்னும் இரண்டு விஷயங்கள் நமக்குப் பாடம். தோட்டம் கைமாறிக் கைமாறி, அதிலிருந்து வந்த வருமானம் மிகச் சொற்பமாகிவிட்டது. உணவுச் செலவின் பெரும்பகுதி, அறக்கட்டளைச் சொத்துகளுக்குப் பொறுப்பாளரான காழியின் தலையில் விழுந்தது. அதே வேளையில், தங்கள் வீட்டுப் பூனை வேண்டாம் என்று நினைத்த நகரவாசிகள் அதைத் தூக்கி வந்து அந்த முற்றத்தில் விட்டுச் சென்றார்கள். வருமானம் சுருங்கியது, வந்து சேரும் பூனைகள் குறையவில்லை.

இன்று எந்த விலங்குக் காப்பகத்துக்குப் போனாலும் இதே நிலையைப் பார்க்கலாம். அடிபட்டவற்றோடு, வளர்த்தவர்களே கொண்டு வந்து விட்டவையும் அங்கே இருக்கின்றன. இடமும் ஆளும் பணமும் அதே அளவில்தான் இருக்கின்றன. ஒருவர் செய்த நல்ல ஏற்பாட்டின் மேல் மற்ற எல்லோரும் சுமையை இறக்கி வைத்தால், அந்த ஏற்பாடு எவ்வளவு நாள் தாங்கும்?

முதல் ஒரு மணி நேரம்

வீடு தேடுவது பிறகு. முதலில் பூனை உயிரோடு மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும்.

வலியில் இருக்கும் பூனை, பழகிய பூனையாக இருந்தாலும் கடிக்கும். வெறுங்கையால் தூக்க வேண்டாம். தடிமனான துவாலை அல்லது பழைய போர்வையை மேலே போட்டு, உடம்போடு சேர்த்துச் சுற்றி, மூச்சுக்குத் துளையிட்ட பெட்டியிலோ மூடியுள்ள கூடையிலோ வையுங்கள். முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், ஒரு தட்டையான பலகை அல்லது அட்டை மேல் நகர்த்தி எடுங்கள். பெட்டி இருட்டாக இருந்தால் பூனை அமைதியாகும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காபித்தூளோ மஞ்சள்தூளோ போட வேண்டாம்.

அன்பால் செய்து பூனையைக் கொன்றுவிடும் காரியங்கள் சில உண்டு. வலிக்குப் பாரசிட்டமால் கொடுப்பது அவற்றில் முதலாவது. நம் பிள்ளைக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய் போன்றவையும் பூனைக்கு நஞ்சு. புண்ணில் புழு வைத்திருந்தால் இவற்றை ஊற்றும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பூனை அதை நக்கி உள்ளே இழுத்துவிடும். புழுவை எடுப்பது மருத்துவர் வேலை. மயக்க நிலையில் இருக்கும் பூனையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குவது, ஈறு வெளுத்துப்போவது, பின்கால்களை இழுத்துக்கொண்டு நகர்வது, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். வண்டியில் அடிபட்டு, வெளியே காயமே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பூனைக்கும் உள்ளே அடி இருக்கக்கூடும். "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட வேண்டாம்.

பிள்ளையையோ பெரியவரையோ கடித்தாலும் பிறாண்டினாலும், அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனையிடமிருந்தும் வரும். வந்துவிட்டால் பிழைப்பது அரிது. ஆனால் உடனே ஊசி போட்டால் தடுத்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3ஆம், 7ஆம், 28ஆம் நாள் என்று கணக்கு. "சின்னக் கீறல்தானே" என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

எங்கே கொண்டுபோவது?

அரசு கால்நடை மருந்தகங்களில் ஆடு மாடுகளோடு நாய், பூனைகளையும் பார்க்கிறார்கள். சிறு மருந்தகங்களில் பொதுவாக எக்ஸ்ரே வசதி இருக்காது; எலும்பு முறிவு என்றால் கால்நடை பன்முக மருத்துவமனைக்கோ கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கும். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கிய பழைய நிறுவனம். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற தொண்டு அமைப்புகளும் அடிபட்ட தெரு விலங்குகளை ஏற்றுச் சிகிச்சை தருகின்றன.

எங்கே போவதாக இருந்தாலும் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று மருத்துவர் இருக்கிறாரா, பூனைக்கு எக்ஸ்ரே எடுக்க முடியுமா, உள்நோயாளியாக வைத்துக்கொள்வார்களா என்ற மூன்று கேள்விகள் போதும். மூடிய கதவின் முன்னால் பெட்டியை வைத்துவிட்டு வருவது அந்தப் பூனையை மறுபடியும் தெருவில் விடுவதற்குச் சமம். தக்க காரணமின்றி, பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

மருத்துவர் பார்த்த பிறகு, அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்த எலும்பு, என்ன மருந்து, எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கட்டும். பின்னால் வீடு தேடும்போது இந்தத் தாள்தான் உங்கள் முதல் ஆவணம்.

காப்பகத்துக்குப் பிறகு ஏன் ஒரு வீடு?

காப்பகம் ஒரு மருத்துவமனை வார்டு மாதிரி. உயிர் பிழைக்க அது வேண்டும். வாழ்நாள் முழுக்க வார்டில் படுத்திருக்க யாரும் விரும்புவதில்லை.

பூனை தனக்கென்று ஓர் இடத்தை வைத்துக்கொண்டு வாழும் பிராணி. நாய்கள் குரைக்கும் சத்தத்திலும், அறிமுகமில்லாத பூனைகள் நெருக்கியடிக்கும் கூண்டிலும் அது ஒடுங்கிப்போகும். சில பூனைகள் சாப்பிடுவதையே நிறுத்திவிடும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் பூனைக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். பல பூனைகள் ஒரே இடத்தில் இருந்தால் சளிக்காய்ச்சலும் பார்வோ வகைக் குடல் நோயும் வேகமாகப் பரவும். தடுப்பூசி போடாத, அறுவை சிகிச்சை முடிந்து பலவீனமாக இருக்கும் பூனைக்கு அது பெரிய ஆபத்து.

இன்னொரு காரணமும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்த பூனைகள் பலவற்றுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. நான்கு முதல் ஆறு வாரம் குதிக்காமல், ஓடாமல், ஒரு சிறிய கூண்டில் ஓய்வாக இருந்தால் எலும்பு தானாகக் கூடிவிடும். நூறு விலங்குகளைப் பார்க்கும் பணியாளர்கள் இருவர் இதைச் செய்வது கடினம். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் ஒரு வீட்டின் மூலையில் இது எளிது. ஒரு கூண்டு, ஒரு மணல் தட்டு, வேளைக்கு உணவு இருந்தால் போதும்.

ஆகவே நாம் தேடும் வீடு இரண்டு வகை. ஒன்று, குணமாகும்வரை சில வாரங்கள் வைத்துக்கொள்ளும் தற்காலிக வீடு. மற்றது, அதன் ஆயுள் முழுக்க ஏற்றுக்கொள்ளும் நிரந்தர வீடு. முதல் வகை வீடுகள் நம் மஹல்லாவில் நான்கைந்து இருந்தாலே, காப்பகத்தில் அடுத்த பூனைக்கு இடம் கிடைக்கும்.

வீடு தேடும் முறை

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பூனை பார்க்க அழகாக இருக்கும் படத்தை மட்டும் போட்டு, குறையை மறைத்துக் கொடுத்தால், பத்து நாளில் அது திரும்பி வரும். விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்பது நம் மார்க்கம் வியாபாரிக்குச் சொன்ன விதி. விலையில்லாமல் ஓர் உயிரைக் கொடுக்கும்போது அந்த விதி இன்னும் அதிகமாகப் பொருந்தும். அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"ஆண் பூனை. வயது சுமார் இரண்டு. வண்டியில் அடிபட்டு இடது பின்கால் அகற்றப்பட்டது. புண் ஆறிவிட்டது. மூன்று காலில் நடக்கும், தாழ்வான கட்டிலில் ஏறும். உயரத்தில் ஏற முடியாது. மணல் தட்டில் போகப் பழகிவிட்டது. பெரியவர்களிடம் அமைதியாக இருக்கும். சத்தம் போடும் சிறு பிள்ளைகளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று. தரைத்தளம் அல்லது வலை போட்ட பால்கனி உள்ள வீடு தேவை."

இதைப் படிப்பவருக்குத் தன் வீடு பொருந்துமா என்று உடனே தெரியும். ஒரு கால் இழந்த பூனை பாரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவர்களைக் கேட்டால், மற்றபடி ஆரோக்கியமான பூனை விரைவிலேயே மூன்று காலில் நடக்கப் பழகிவிடும் என்பார்கள். ஒரு கண் போன பூனையும் அப்படித்தான். ஆனால் முதுகெலும்பு அடிபட்டுச் சிறுநீர் தானாகப் போகாத பூனைக்குத் தினமும் இரண்டு மூன்று முறை வயிற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டியிருக்கும். அதை ஏற்கும் வீடு வேறு. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது? முதலில் சொந்தம், அக்கம்பக்கம், ஜமாஅத்தார். பிறகு பிள்ளைகள் படிக்கும் பள்ளி, கால்நடை மருத்துவமனையின் அறிவிப்புப் பலகை. ஏற்கெனவே பூனை வளர்த்து, அது வயதாகி இறந்த வீடுகளை நினைவுபடுத்திப் பாருங்கள். பக்குவம் தெரிந்த, மனமும் உள்ள வீடுகள் அவை. முன்பின் தெரியாதவர் உடனே வேண்டும் என்று அவசரப்படுத்தினால் கொடுக்க வேண்டாம். பூனையை அவர் வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்கள். வீட்டைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

சம்பந்தம் பேசப் போகும்போது எவ்வளவு விசாரிக்கிறோம்! அதில் கால்வாசி விசாரித்தாலும் போதும்.

வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? பிள்ளை கேட்டது, தாய் ஒப்பவில்லை என்றால் அந்த வீடு வேண்டாம். தினமும் சோறு வைக்கப்போவதும் மணலை அள்ளப்போவதும் பெரும்பாலும் அந்தத் தாய்தான்.

வாடகை வீடா? வீட்டுக்காரர் அனுமதி தந்திருக்கிறாரா?

யாருக்காவது இழுப்பு நோய் உண்டா? கர்ப்பிணி இருக்கிறாரா? கர்ப்பிணி இருந்தால் பூனையை விரட்ட வேண்டியதில்லை. மணல் தட்டை அவர் தொடாமல், வேறொருவர் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பூனை மலத்தில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அன்றன்று அகற்றிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும்.

பெருநாளைக்கு ஊருக்குப் போனால், உம்ராவுக்குப் போனால், பூனையை யார் பார்ப்பார்கள்? பதில் தயாராக இருக்கும் வீடு யோசித்த வீடு.

மாடி வீடானால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை உண்டா? ஒருமுறை விழுந்து பிழைத்த பூனை மறுபடியும் விழக் கூடாது.

வீட்டில் நாயோ வேறு பூனையோ இருக்கிறதா? இருந்தால் சில நாட்கள் தனி அறையில் வைக்க முடியுமா?

இந்தப் பதில்கள் சரியாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் முக்கியமான வரி ஒன்று உண்டு: "வைத்துக்கொள்ள முடியாமல் போனால், தெருவில் விடாமல் எங்களிடமே திருப்பித் தருவோம்." திருப்பித் தருவது அவமானமில்லை என்பதையும் வாயால் சொல்லுங்கள். வெட்கப்பட்டு இரவோடு இரவாக எங்கோ விட்டுவிடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

புதிய வீட்டில் முதல் நாட்கள்

முதல் சில நாள் ஓர் அறை போதும். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் உணவும் தண்ணீரும், ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த அட்டைப்பெட்டி. பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள், அல்லது ஓதுங்கள். அதுவாக வரும். பிள்ளைகளுக்கு ஒரே விதி: "பூனை உன்னிடம் வரட்டும், நீ அதைத் துரத்தாதே." அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஆடு மேய்த்த காலத்தில் ஒரு சிறு பூனையை வைத்து விளையாடியதால்தான் பூனைக்குட்டியின் தந்தை என்ற பெயர் பெற்றார்கள் என்று திர்மிதியில் வருகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பூனையை நடத்தும் விதமே மாறும்.

பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். வேகவைத்த மீன் அல்லது கோழியை, எலும்பும் மசாலாவும் உப்பும் இல்லாமல், கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வைக்கலாம். மருந்து நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கொடுத்தவர் முதல் வாரத்தில் ஒருமுறை, முதல் மாத முடிவில் ஒருமுறை விசாரிக்கட்டும். சந்தேகப்பட்டு வேவு பார்ப்பது போலன்றி, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டை நலம் விசாரிப்பது போல அது இருக்க வேண்டும்.

வீடு கிடைக்காவிட்டால்?

மனிதரோடு பழகாமல் தெருவிலேயே வளர்ந்த பெரிய பூனை, நான்கு சுவருக்குள் தவிக்கும். முழுக்கக் குணமாகி, ஓடவும் ஏறவும் முடிந்தால், அது வாழ்ந்த அதே இடத்தில் விடுவதே அதற்கு நல்லது. நபிமொழி காட்டிய இரண்டாவது வழி அப்போது திறந்துவிடுகிறது. அறிமுகமில்லாத வேறு ஊரிலோ சந்தையிலோ விட வேண்டாம். அங்கே யாராவது தினமும் உணவு வைக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விடும் முன் கருத்தடை செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும். சுமார் ஒன்பது வாரத்தில் ஈனும். குட்டிகளில் பல பிழைப்பதில்லை. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முறையான மருத்துவத்தோடு, துன்புறுத்தாமல், தேவைக்காகச் செய்தால் கூடும் என்று இக்கால அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். உங்கள் மத்ஹபின்படி உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பிழைக்கவே வழியில்லாமல் வேதனையில் துடிக்கும் பூனையைப் பற்றிய முடிவையும் மருத்துவரையும் ஆலிமையும் கேட்டே எடுங்கள்.

செலவுக்கு எந்தப் பணம்?

ஸகாத் பணத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஸகாத்தைப் பெற உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் 9:60 வரையறுத்துவிட்டது, அவர்கள் மனிதர்கள். பூனையின் மருந்துக்கும் உணவுக்கும் பொதுவான ஸதகாவைக் கொடுங்கள். ஒரே வீட்டின் தலையில் முழுச் செலவும் விழ வேண்டாம். எக்ஸ்ரேயை ஒருவரும் மருந்தை ஒருவரும் கூண்டை ஒருவரும் ஏற்றால் யாருக்கும் பாரமில்லை. பணம் இல்லாதவர் ஆட்டோவில் கொண்டுபோய் விடலாம். நான்கு வாரம் ஒரு மூலை கொடுக்கலாம். பூனையின் விலையைப் பற்றி முஸ்லிமில் தடை வந்திருப்பதால், மீட்ட பூனையைக் கொடுக்கும்போது விலை பேசாமல் இருப்பது பேணுதல். காப்பகத்துக்கு ஏற்பட்ட சிகிச்சைச் செலவுக்கு விரும்பியதைக் கொடுப்பது வேறு விஷயம்.

சுல்தானிடம் தோட்டம் இருந்தது, எழுதி வைத்தார். நம்மிடம் ஒரு கூண்டு, ஒரு துவாலை, மருத்துவமனை எண் எழுதிய ஒரு தாள் இருந்தால் போதும். பள்ளிவாசல் அலமாரியில் இவை மூன்றும் இருக்கட்டும். தற்காலிகமாக வைத்துக்கொள்ள முன்வரும் வீடுகளின் பெயர்களும் அதோடு இருக்கட்டும். அடுத்த முறை ஒரு பிள்ளை பெட்டியோடு வாசலில் நிற்கும்போது, என்ன செய்வது என்று நாம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் சேர்ந்து பேசுவதற்கு

1. பூனையைக் கட்டி வைத்த பெண்ணுக்கு இருந்த இரண்டு வழிகள் எவை? காயம்பட்ட பூனைக்கு அவற்றில் எது அடைபட்டிருக்கிறது?

2. கெய்ரோ மக்கள் தங்கள் பூனைகளைக் காழியின் முற்றத்தில் விட்டது சரியா? நாம் அப்படி யார் மேலாவது சுமையை இறக்கி வைத்திருக்கிறோமா?

3. நம் வீட்டிலிருந்து மிக அருகில் உள்ள கால்நடை மருத்துவமனை எது? அதன் நேரமும் எண்ணும் இன்றே எழுதி வையுங்கள்.

4. நான்கு வாரம் ஒரு பூனையை வைத்துக்கொள்ள நம் வீட்டில் எந்த மூலை பொருந்தும்? காலையில் மருந்து கொடுப்பது யார், மணலை அள்ளுவது யார்?